அடிக்கிற பையன், அழுகிற பொண்ணு: கோடை கேம்ப் கேள்வி-பதில்

ஏப்ரல் பிறந்தால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கேம்ப்பைப் பற்றித்தான் இருக்கும். வாசகசாலை நடத்துகிற பகல் கேம்ப், பள்ளிக்கூட மைதானத்துக் கேம்ப், முதலமடை மாந்தோப்பில் ராத்திரி தங்குகிற கேம்ப் என்று எல்லாவற்றிலிருந்தும் எழுதுகிறார்கள். இந்தத் தடவை கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துக் கடிதங்கள் அதிகம். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, வீட்டில் தமிழும் தாலுகா ஆபீஸில் மலையாளமும் பேசுகிற ஊர்கள். அதனால் அங்கே நடக்கிற கேம்ப்புகளுக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பிள்ளைகள் யார் என்று தெரியவைக்கிற விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையில் பத்து நாள் பகல் கேம்ப் நடக்கிறது. நாற்பது பிள்ளைகள், பார்த்துக்கொள்ள மூன்று பேர். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தினமும் யாரையாவது அடிக்கிறான், நேற்று ஒருத்தியைக் கடித்தும்விட்டான். நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தோம், ஆபீஸ் அறையில் தனியாக உட்காரவைத்தோம், அவன் அம்மாவிடமும் சொல்லியாயிற்று. மற்ற பெற்றோர் அவனை அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பிவிடலாமா? — கேம்ப் பொறுப்பாளர், வண்ணாமடை பக்கம்

பதில்: அனுப்புகிற முடிவை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். அந்த இரண்டு நாளும் ஒரு நோட்டில் நாலு பத்தி போட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு அடித்தான், எந்த இடத்தில், அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது, அடித்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. குழந்தை மனநலத்தில் வேலை செய்கிறவர்கள் முதலில் கையில் எடுக்கிறது இந்தக் கணக்கைத்தான். எழுதும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு, குணத்தை எழுதக்கூடாது. "வேண்டுமென்றே அடித்தான்", "திமிர்" என்பதெல்லாம் நம்முடைய அபிப்பிராயம். "கை கழுவுகிற வரிசையில் நின்றான், முன்னால் நின்றவன் பின்னால் நகர்ந்து காலை மிதித்தான், இவன் முதுகில் குத்தினான்" என்பது தகவல்.

நான் பார்த்தவரைக்கும் இப்படி எழுதின நோட்டுகளில் அடிதடி நாள் முழுக்கப் பரவிக் கிடக்காது. பதினொன்றரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு கும்பல், சாயங்காலம் பெற்றோர் வருகிற நேரத்தில் இன்னொரு கும்பல், இவ்வளவுதான். அந்தப் பதினொன்றரையை யோசித்துப் பாருங்கள். உங்கள் கேம்ப்பில் கை கழுவ எத்தனை குழாய்? ஒரே குழாய் என்றால் ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம் வைத்தாலும் நாற்பதாவது பிள்ளை இருபது நிமிஷம் வெயிலிலோ தகரக் கூரைக்கு அடியிலோ நிற்கிறது. பசியோடு நிற்கிறது. முன்னும் பின்னும் ஆள் உரசிக்கொண்டு நிற்கிறது. ஒன்பது மணிக்கு கேம்ப் என்பதால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடிவந்த பிள்ளைகள் வேறு அதில் இருப்பார்கள், அதையும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், பதில் உங்களைத் தூக்கிவாரிப் போடும். பாலக்காட்டு வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் 41 டிகிரியைத் தாண்டியது. வெளியில் உழைக்கிற பெரியவர்களுக்கே கோடையில் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு கொடுக்கச் சொல்லி கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது, நாம் அந்த நேரத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பொறுமையை எதிர்பார்க்கிறோம்.

அதனால் முதலில் வரிசையை ஒழியுங்கள். இரண்டு பக்கெட், நாலு மக், பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள், மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து கதை கேட்கட்டும். பத்தரைக்கே ஒரு வாய் மோரும் இரண்டு பிஸ்கட்டும். இதை மட்டும் செய்துவிட்டு இன்னும் இரண்டு நாள் நோட்டு எழுதுங்கள். பாதி அடி நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து அந்த நாலாவது பத்தி, அடித்த பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்பது. ஆபீஸ் அறையில் உட்காரவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் ஃபேன் ஓடுகிறதா? பழைய சித்திரக்கதை ஏதாவது கிடக்கிறதா? கூச்சலும் புழுக்கமும் தாங்க முடியாத பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் கேம்ப்பிலேயே கிடையாது, அங்கே போக வழி யாரையாவது அடிப்பது என்று நீங்களே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அதே அறையை அடிப்பதற்கு முன்னால் கொடுங்கள். "கோபம் வருகிறமாதிரி இருந்தால் என்னிடம் வந்து விரலைக் காட்டு, நீ உள்ளே போய்ப் பத்து நிமிஷம் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்." முதல் நாள் இதை அவன் நாலு தடவை சோதித்துப் பார்ப்பான், சோதிக்கட்டும்.

அடிக்கிற நொடியில் செய்ய வேண்டியது வேறு. பக்கத்தில் போங்கள், தூரத்திலிருந்து கத்தாதீர்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து இரண்டே வார்த்தை: "கையை இறக்கு. வா." அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் உபதேசம் அவன் காதில் ஏறாது, நமக்கே கோபத்தில் ஏறுவதில்லை. அடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள், எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம் போகட்டும். கடித்துத் தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பேச்செல்லாம் அவன் மூச்சு அடங்கிய பிறகு. "சாரி சொல்லு" என்று நிறுத்திவைத்து வாங்குகிற சாரியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் படம் கிழிந்ததா, ஒட்டிக் கொடுக்கட்டும். தண்ணீர் பாட்டில் கொட்டியதா, நிரப்பிக் கொண்டுவரட்டும்.

அப்புறம் பதினொன்றரைக்கு அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள், மணியடிக்கிறதோ தட்டு எண்ணுகிறதோ ஏதோ ஒன்று. வரிசையில் நிற்கவே வேண்டாத வேலையாக இருந்தால் நல்லது. "அடிக்கிற பையனுக்குப் பதவியா?" என்று கமிட்டியில் ஒருத்தர் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள்.

நாற்பதுக்கு மூன்று பேர் என்பது போதாது. அமெரிக்கக் கேம்ப் சங்கம் வைத்திருக்கும் அளவு, பகல் கேம்ப்பில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் 8 பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வயது என்றால் 10 பேருக்கு ஒருவர். ராத்திரி தங்குகிற கேம்ப்பில் ஒருவர் பார்த்துக்கொள்கிற பிள்ளைகள் இன்னும் குறைவு, அதே இரண்டு வயதுக்கும் முறையே 6 பேருக்கு ஒருவர், 8 பேருக்கு ஒருவர். நமக்கு அது சட்டம் இல்லைதான், ஆனால் பிள்ளைகள் அங்கேயும் இங்கேயும் பிள்ளைகள்தான். காலேஜ் லீவில் ஊருக்கு வந்திருக்கிற அண்ணன்மார், அக்காமார் இரண்டு மூன்று பேரை, யார் எவர் என்று நன்றாகத் தெரிந்தவர்களாகப் பார்த்து, பிடித்துப் போடுங்கள்.

இவ்வளவும் செய்து, பக்கத்திலேயே ஒரு பெரியவர் நின்றும் அவன் மற்ற பிள்ளைகளைக் காயப்படுத்துகிறான் என்றால், அப்போதும் முழுக்க அனுப்ப வேண்டாம். பதினொரு மணிவரை வரட்டும். அந்த இரண்டு மணி நேரம் சண்டையில்லாமல் போனால் அடுத்த நாள் அரை மணி கூட்டுங்கள். அம்மாவிடம் பேசுவதை மட்டும் கேட்டில் நின்று மற்ற பெற்றோர் முன்னால் பேசாதீர்கள். அந்த அம்மாள் நாளை முதல் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வருவார், யார் முகத்திலும் முழிக்க வேண்டாமே என்று.

கேள்வி: எங்கள் கேம்ப்பில் தமிழ் மீடியம் பிள்ளைகள் பாதி, மலையாள மீடியம் பிள்ளைகள் பாதி. வசதிக்காக இரண்டு அணியாகப் பிரித்தோம். கபடியில் ஆரம்பித்த சண்டை இப்போது சாப்பாட்டு நேரத்திலும் தொடர்கிறது. அந்தப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளை இளக்காரமாக "பாண்டி" என்கிறார்கள், நம் பிள்ளைகள் பதிலுக்குக் கெட்ட வார்த்தை. ஒரு அணியின் கொடியை மற்ற அணி கிழித்துவிட்டது. எல்லோரையும் சேர்த்துப் பாயசம் போட்டுப் பார்த்தோம், பாயசத்தைத்தான் ஒருவர் மேல் ஒருவர் கொட்டிக்கொண்டார்கள். — விளையாட்டு ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பாயசம் தோற்றது ஆச்சரியமே இல்லை. எழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இதையே ஒரு ஆராய்ச்சியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர், துருக்கியில் பிறந்தவர், 1954 கோடையில் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் கேம்ப் என்ற பெயரில் 22 பையன்களைத் தங்கவைத்தார். எல்லாம் பதினொன்று பன்னிரண்டு வயது, முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். ஒருவரையொருவர் பார்க்காமலேயே இரண்டு அணியாகப் பிரித்துத் தனித்தனியாக ஒரு வாரம் பழகவிட்டு, பிறகு கயிறு இழுக்கிற போட்டி, பேஸ்பால் போட்டி என்று மோதவிட்டார்கள். வசைப் பெயர், கொடி எரிப்பு, ராத்திரி அடுத்த அணியின் குடிலுக்குள் புகுந்து சாமானைக் கலைப்பது எல்லாம் தானாக வந்தது. அதன் பிறகு ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள், சினிமா காட்டினார்கள். சாப்பாட்டை எடுத்து எறிந்துகொண்டார்கள். உங்கள் பாயசம்தான்.

சண்டை தணிந்தது வேறு விதத்தில். கேம்ப்புக்கு வருகிற தண்ணீரை அடைத்துவிட்டு, இரண்டு அணியும் சேர்ந்து தேடினால்தான் கோளாறு தெரியும் என்று வைத்தார்கள். சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்ப மாட்டேன் என்றது. எந்தக் கயிற்றை வைத்து ஒருத்தரையொருத்தர் இழுத்தார்களோ அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படி நாலைந்து வேலை ஆன பிறகுதான் சேர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

இந்த ஆராய்ச்சியை இன்றைக்கு யாரும் அனுமதிக்கமாட்டார்கள், பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர்களை வைத்து விளையாடியது தப்புதான். ஆனால் கேம்ப் நடத்துகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான சேதி அதற்கு முந்தின வருஷத்தில் இருக்கிறது. 1953ல் நியூயார்க் மாநிலத்து மிடில் குரோவில் ஷெரிஃப் இதையே செய்து பார்த்தபோது, பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு அப்புறம் பிரித்தார். எவ்வளவு மூட்டிவிட்டும் அவர்கள் சண்டைக்கு மசியவில்லை. ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஏற்கெனவே சிநேகிதம் ஆகிவிட்ட பையன்களாயிற்றே!

ஆகவே அடுத்த வருஷம் முதல் இரண்டு நாள் அணியே வேண்டாம். இந்த வருஷத்துக்கு, இன்றைக்கே அணிகளைக் கலைத்துவிடுங்கள். மீடியத்தை வைத்துப் பிரித்தது உங்கள் வசதிக்கு, சண்டைக்கும் அதுதான் வசதியாகிவிட்டது. பிறந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள், அதையும் தினம் மாற்றுங்கள். நேற்று எதிரணியில் இருந்தவன் இன்றைக்கு நம் அணியில் ரெய்டு போகிறான் என்றால் யார் மேல்தான் கோபத்தைக் காட்டுவது? அப்புறம் நிஜமான வேலை ஒன்று கொடுங்கள். கடைசி நாள் நிகழ்ச்சிக்கு மேடை கட்டுவது, மைதானத்தில் கல் பொறுக்குவது, தண்ணீர் டிரம்மை நகர்த்துவது, நாலு பேரால் முடியாது எட்டுப் பேர் வேண்டும் என்கிற வேலையாக இருக்க வேண்டும். பொய்யாக ஏற்படுத்தின வேலையைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பாண்டி" விஷயத்தில் "பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்வது" என்று விடாதீர்கள். காதில் விழுந்த உடனே, அதே இடத்தில், "இந்த வார்த்தை இங்கே கிடையாது" என்று ஒரு பெரியவர் சொல்ல வேண்டும். மலையாளம் பேசுகிற மாஷோ (வாத்தியார்) சேச்சியோ (அக்கா) அதைச் சொன்னால் இன்னும் நல்லது. நம் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிற வார்த்தைகளுக்கும் அதே குரல், அதே அளவு. அவர்கள் ஆரம்பித்தார்கள் என்பதால் தள்ளுபடி கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விசில் ஊதி விதிகளை எந்த மொழியில் சொல்கிறீர்கள்? மலையாளத்தில் மட்டும் என்றால், தமிழ் மீடியத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளை பக்கத்துப் பையன் என்ன செய்கிறான் என்று பார்த்துத்தான் புரிந்துகொள்கிறது. கடைசியாக எழுந்திருக்கிறது, தப்பான பக்கம் ஓடுகிறது, அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்குகிறது. தமிழில் மட்டும் சொன்னால் இதே கதி அந்தப் பிள்ளைகளுக்கு. இரண்டிலும் சொல்லுங்கள், கூடவே செய்தும் காட்டுங்கள்.

கேள்வி: மாந்தோப்பில் மூன்று ராத்திரி கேம்ப். பத்து வயதுப் பெண் பகல் முழுக்கச் சிரித்து விளையாடுகிறாள், எட்டு மணி ஆனால் அழுகை. அம்மாவிடம் போன் போட்டுக் கொடுத்தால் அழுகை இரண்டு மடங்கு. இன்னொரு பையன் பாயை நனைத்துவிட்டு, சொல்லாமல் பாயைச் சுருட்டி மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தான், கேட்டதற்கு முறைக்கிறான். — ஒரு சகோதரி, கோவிந்தாபுரம்

பதில்: ராத்திரி போனை நிறுத்துங்கள். அம்மா குரல் கேட்ட நொடியில் அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்துவிடும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பேசட்டும், பேசி முடித்த உடனே விளையாட்டு இருக்கிற நேரமாகப் பார்த்து. அம்மாவிடம் நீங்கள் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: "பிடிக்கலைன்னா சொல்லு கண்ணு, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்ற வாக்குறுதி வேண்டாம். அதைக் கேட்டுவிட்டு வந்த பிள்ளை, பிடித்துப்போவதற்கு முயற்சியே எடுக்காது, மணிக்கணக்கைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். எட்டு மணியை வெறுமனே விடாதீர்கள். அவள் கையில் டார்ச் கொடுத்துச் சின்னப் பிள்ளைகளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிற அக்காவோடு துணைக்கு அனுப்புங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்காருங்கள். "இவ்வளவு பெரிய பொண்ணு அழலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை, இரண்டாவது ராத்திரியும் தூக்கமே இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பையன் விஷயம் சுலபம், நாம் கெடுக்காமல் இருந்தால். ஏழு வயதில்கூடப் பத்துப் பிள்ளைகளில் ஒன்று வரை படுக்கையை நனைப்பது உண்டு, பெரிய பையன்களிலும் சிலருக்கு இருக்கும், வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. புது இடம், இருட்டு, பாத்ரூம் தோப்பின் அந்தக் கோடியில், பாம்பு வரும் என்று பெரிய பையன்கள் வேறு கதை விட்டிருப்பார்கள். அவன் முறைப்பது கோபத்தால் இல்லை, நீங்கள் நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவீர்களோ என்ற பயத்தால். எல்லோர் பாய்க்கும் அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போடுங்கள், அவனுக்கு மட்டும் போட்டால் அதுவே விளம்பரம். மாற்று டிராயரும் போர்வையும் ஒரு பையில் போட்டு எங்கே இருக்கிறது என்று அவன் காதில் சொல்லிவிடுங்கள். படுக்கப் போகுமுன் எல்லோரும் ஒருமுறை போய்வரட்டும், வழியில் ஒரு விளக்கு எரியட்டும். இந்த வெயிலில் பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். இதோடு, பத்து வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் இருக்கிற கேம்ப்பில் நாப்கின் பாக்கெட் ஒன்று அக்காமார் கையில் இருக்கட்டும், திடீரென்று யாரோடும் பேசாமல் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிற பெண்ணுக்குக் காரணம் சிலசமயம் அதுவாக இருக்கும்.

கேள்வி: அடங்காத பையன்களை எங்கள் வாலண்டியர்கள் வெயிலில் முட்டிபோட வைத்தார்கள், தோப்புக்கரணம் போட வைத்தார்கள். ஒரு அப்பா வந்து சத்தம் போட்டார். நாங்களும் இப்படி வளர்ந்தவர்கள்தானே, இதில் என்ன தப்பு? — பெயர் வேண்டாம், மீனாட்சிபுரம்

பதில்: அந்த அப்பா சத்தம் போட்டது சரி. பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனையை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. கேம்ப் பள்ளிக்கூடம் இல்லையே என்று தப்பிக்கவும் முடியாது. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கிறவர் அதைத் துன்புறுத்தினால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் 3 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்த வாலண்டியர் பையன்களுக்கு வேறு வழி தெரியாததால்தான் தெரிந்ததைச் செய்தார்கள். கேம்ப்புக்கு முந்தின நாள் அவர்களை உட்காரவைத்து, அடிதடி என்றால் என்ன செய்வது, ஓடிப்போனால் யார் பின்னால் போவது, யார் மீதிப் பிள்ளைகளோடு நிற்பது, கோபம் தலைக்கேறினால் யாரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு நகர்வது என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பத்தொன்பது வயசுப் பையனுக்கு "எனக்கு முடியலை, நீங்க பாருங்க மாஷே" என்று சொல்ல அனுமதி இருக்க வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, ஏடிஹெச்டி (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிற குறைபாடு) என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கேம்ப்பில் சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று பயம். லீவுதானே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு அனுப்பலாமா? — ஒரு அம்மா, வேலந்தாவளம்

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். புது இடம், புது ஆட்கள், ஓயாத சத்தம், பள்ளிக்கூடத்தைவிடக் கஷ்டமான நாளில் துணையை எடுத்துவிடுவதாகும். லீவில் தருவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியவர் டாக்டர். மெத்தில்ஃபெனிடேட் வகை என்றால் மத்தியானம் பசி மந்தமாக இருக்கும், சாப்பாட்டைத் தொடமாட்டான், மருந்தின் வேகம் இறங்குகிற சாயங்காலத்தில் எரிந்து விழுவான். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடட்டும், நாலு மணிக்கு ஏதாவது கட்டிக் கொடுங்கள்.

சொல்லித்தான் அனுப்ப வேண்டும். பெரிய ரிப்போர்ட் வேண்டாம், ஒரே பக்கம். எது அவனைச் சீண்டும், வெடிக்கப் போகிறான் என்பது எப்படித் தெரியும் (காதைப் பொத்துவானா, சட்டைக் காலரைக் கடிப்பானா), என்ன செய்தால் அடங்குவான், என்ன செய்யவே கூடாது, எதில் கெட்டிக்காரன். கேம்ப் நடத்துகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த ஒரு பக்கத்தை எல்லாப் பெற்றோரிடமும் கேட்டு வாங்குங்கள். மைக்கும் விசிலும் சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே வலி. சொன்ன காரணத்துக்காக ஒரு கேம்ப் சேர்க்க மறுத்தால் அந்தக் கேம்ப்பில் உங்கள் மகன் இல்லாததே நல்லது.

கேள்வி: நன்றாக இருந்த பத்து வயதுப் பெண், மூன்றாவது நாளிலிருந்து யார் தொட்டாலும் சீறுகிறாள், குறிப்பிட்ட ஒரு பெரியவர் இருக்கிற அறைக்குப் போக மறுக்கிறாள். கமிட்டியில் சொன்னேன், ஊர்ப் பெயர் கெட்டுவிடும், பேசாமல் இரு என்கிறார்கள். — ஒரு வாலண்டியர்

பதில்: பேசாமல் இருக்காதீர்கள். அவள் எதுவும் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவிக் கேள்வி கேட்காதீர்கள், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஆளோடு எந்தப் பிள்ளையும் தனியாக இருக்காதபடி இன்றைக்கே பாருங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும் நடந்துவிடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீஸுக்குச் சொல்ல வேண்டியது எல்லோருக்கும் கடமை. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் சிறை உண்டு, நிறுவனப் பொறுப்பில் இருக்கிறவர் தனக்குக் கீழே வேலை செய்கிறவரை மறைத்தால் ஒரு வருஷம் வரை. கமிட்டியில் இதைப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டிவிட்டு அவர்கள் முடிவெடுக்கக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: சொன்ன பேச்சுக் கேட்டால் சாக்லேட் என்று சொல்லலாமா? — பலர்

பதில்: முதல் நாள் வேலை செய்யும், மூன்றாவது நாள் பேரம் பேசுவார்கள், ஐந்தாவது நாள் "ரெண்டு குடுத்தா உட்காருவேன்". கடலைமிட்டாயை நாலு மணிக்கு எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள், நடத்தைக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். நன்றாகச் செய்தால் என்ன செய்தாய் என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "குட் பாய்" என்றால் ஒன்றும் புரியாது. "அவன் விழுந்தப்ப நீ பந்தை விட்டுட்டு வந்து கை கொடுத்தே, பார்த்தேன்" என்றால் புரியும்.

போனைப் பிடுங்கினால் ரகளை செய்கிற பிள்ளைகளைப் பற்றி ஏழெட்டுக் கடிதம் சேர்ந்திருக்கிறது, அவை அடுத்த இதழில்.